தொலைதூர இறையியல் பட்டங்கள்: அங்கீகாரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சபையில் வாரந்தோறும் கூடும் இறையியல் படிப்புக் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வராந்தாவில் யாராவது ஒருவர் கையில் ஒரு விளம்பரத் தாளோடு வந்து நிற்பார். பெரும்பாலும் வாலிபர்கள்; சில நேரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்; சில நேரம் ஏற்கெனவே ஒரு சிறிய சபையை நடத்திக்கொண்டிருக்கும் போதகர்கள். அவர்களுடைய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களுடைய வார்த்தைகளிலேயே அவற்றை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

செமினரி, பைபிள் காலேஜ், இறையியல் கல்லூரி என்று மூன்று விதமாகச் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?

நம் நாட்டில் இந்தப் பெயர்களை எந்தச் சட்டமும் பிரித்து வைக்கவில்லை. பொது வழக்கில், வேதாகமக் கல்லூரி என்பது பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு டிப்ளமா அல்லது பி.டிஎச். (இளநிலை இறையியல் பட்டம்) கற்பிக்கும் இடம், செமினரி என்பது ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு எம்.டிவ். (ஊழியத்துக்கான முதுநிலைப் பட்டம்), பி.டி. (பட்டதாரிகளுக்கான இறையியல் பட்டம்), எம்.டிஎச். (முதுநிலை இறையியல் பட்டம்) போன்றவற்றைக் கற்பிக்கும் இடம். ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் நடப்பதற்கும் செமினரி என்றே பெயர் வைக்கலாம்.

எல்லா விளம்பரத்திலும் "அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருக்கிறதே, யார் தருகிற அங்கீகாரம் அது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், இதை முதலிலேயே கேட்க வேண்டும். அங்கீகாரம் என்று தனியாக ஒன்று இல்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு நோக்கத்துக்காக, ஒரு படிப்பை ஏற்றுக்கொள்கிறார். இறையியல் படிப்பில் இரண்டு வகை ஏற்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பட்டம் வழங்கும் அதிகாரத்தை அரசின் சட்டம் தருவது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், அதாவது யூஜிசி சட்டம், 22ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியாக அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். இரண்டாவது, இறையியல் கல்லூரிகள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொண்ட தர மதிப்பீட்டு அமைப்பு ஒன்று, நூலகம், ஆசிரியர்களின் தகுதி, பாடத்திட்டம், நிர்வாகம் ஆகியவற்றை நேரில் வந்து சோதித்து ஏற்பது.

சுவிசேஷ இறையியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை ஏற்பைப் பெற்றவை. அது மதிப்பற்றது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சபைகளுக்குள்ளும் வெளிநாட்டு செமினரிகளிலும் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் முதல் வகைக்குரிய வேலையை அது செய்யாது. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் பின்னால் கலங்கியவர்களை நான் பார்த்திருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செராம்பூர் பட்டம் என்றால் என்ன? அது யூஜிசி பட்டமா?

செராம்பூர் கல்லூரியை வில்லியம் கேரியும் ஜோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் 1818இல் வங்காளத்தில் நிறுவினார்கள். அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் வசம் இருந்தது. ஆகவே டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் 1827இல் கொடுத்த அரச சாசனத்தின் வழியாகப் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு வந்தது. அந்த உரிமையின்படி முதல் பி.டி. பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டமன்றம் நிறைவேற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்து, பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் கொண்ட செனட் என்ற அமைப்பிடம் இறையியல் பட்டங்களை ஒப்படைத்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னையின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவை இந்த செனட்டோடு இணைந்தவை. சுவிசேஷப் பின்னணியில் பிறந்து இதனோடு இணைந்த கல்லூரியும் உண்டு: முன்பு யவத்மாலில் இருந்து பின்னர் புனேவுக்கு இடம்பெயர்ந்த யூனியன் பிப்ளிக்கல் செமினரி.

எனவே செராம்பூர் பட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அது மானியக் குழுச் சட்டத்துக்கு முந்தியது, இறையியலுக்கு மட்டும் உரியது. சில பல்கலைக்கழகங்கள் செராம்பூர் பட்டதாரிகளைத் தங்கள் மேற்படிப்புகளில் சேர்த்துக்கொள்கின்றன, சில சேர்ப்பதில்லை. நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

ஏடிஏ, ஏடிஏ என்கிறார்களே, அது அரசாங்க அமைப்பா?

இல்லை. ஆசிய இறையியல் கழகம் என்பதன் சுருக்கமே ஏடிஏ. 1970இல் தொடங்கிய இது, ஆசியாவின் பல நாடுகளில் உள்ள சுவிசேஷ இறையியல் கல்லூரிகளை இணைத்து, அவற்றின் தரத்தை மதிப்பிடுகிறது. உலக அளவில் இப்படிப்பட்ட கழகங்களை ஒன்றுசேர்க்கும் ஐசெட்டே என்ற மன்றம் 1980இல் உருவானது. ஏடிஏ அதன் உறுப்பு. பெங்களூர் கொத்தனூரில் உள்ள சையாக்ஸ் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் இதன் அங்கீகாரம் பெற்றவை.

ஏடிஏவின் மதிப்பீட்டுக் குழு வந்துபோகும் ஆண்டில் ஒரு கல்லூரியில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நூலகப் புத்தகங்கள் எண்ணப்படும். ஆசிரியர்களின் சான்றிதழ்கள் திறக்கப்படும். மாணவர்களைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள். அது வெறும் முத்திரை அல்ல. ஆனாலும் மேலே சொன்ன இரண்டாம் வகை ஏற்பு என்பதை மறக்கக் கூடாது.

வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே படிக்க இந்தியாவில் என்ன வழி இருக்கிறது?

இதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1963இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் செமினரி ஒரு உண்மையைச் சந்தித்தது. கிராமச் சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்த மூப்பர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுத் தலைநகரில் வந்து தங்கிப் படிக்க முடியவில்லை. வந்து படித்த இளைஞர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் செமினரியை மாணவர்கள் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாணவர் வீட்டில் பாடநூலைப் படிப்பார். வாரம் ஒருமுறை ஆசிரியரோடு குழுவாகக் கூடுவார். கற்றதை அன்றே தன் சபையில் பயன்படுத்துவார். விரிவாக்க இறையியல் கல்வி என்று நாம் சொல்வது இதுதான்.

இந்தியாவில் அதை எடுத்துக்கொண்டது 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ என்ற விரிவாக்க இறையியல் கல்வி அமைப்பு. ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட இந்திய மொழிகளிலும் அதன் பாடங்கள் உள்ளன. செராம்பூர் செனட்டும் கொல்கத்தாவில் உள்ள செப்டர் மையத்தின் மூலம் கிறிஸ்தவ இயலில் டிப்ளமா, பி.சி.எஸ். என்ற இளநிலைப் பட்டம் ஆகியவற்றை வெளிநிலை மாணவர்களுக்கு நடத்திவருகிறது. இறையியல் ஆர்வமுள்ள சபையாருக்கு, முக்கியமாக ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும், அது மிகவும் ஏற்றது. இவற்றைத் தவிர, ஏடிஏவோடு இணைந்த கல்லூரிகள் பலவும் இப்போது இணையவழியில் பாடம் நடத்துகின்றன.

என் தனிப்பட்ட கருத்தைச் சொல்ல வேண்டுமானால், குழு கூடுதல் இல்லாத தொலைதூரப் படிப்பை நான் அரைப்படிப்பு என்றே நினைக்கிறேன். ரோமர் நிருபத்தை ஒரு வங்கி ஊழியரும், ஒரு செவிலியரும், ஒரு விவசாயியும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து வாதிட்டுப் படிக்கும்போது கிடைக்கும் தெளிவு, தனியாகக் காணொளி பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்க முடியாது. நான் படிப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

நிச்சயம் உண்டு, சகோதரி. நம் சபைகளில் ஞாயிறு பள்ளியையும், பெண்கள் ஐக்கியத்தையும், நோயாளிகளைச் சந்திப்பதையும் யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு முறையான இறையியல் கல்வி கிடைக்காமல் போனதற்கு அவர்களிடம் திறமை இல்லாதது காரணம் அல்ல. விடுதி இருந்த இடத்தில்தான் கல்வியும் இருந்தது என்பதே காரணம். பிற்பகல் நேரத்தில் ஒருவர் வீட்டில் கூடும் குழுக்களில், சமையலை முடித்துவிட்டு வந்து, கையில் பேனாவோடு அமர்ந்து, நான்கைந்து ஆண்டுகளில் பட்டப் படிப்பை முடித்த தாய்மார்களை நான் அறிவேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், கல்வியில் தேர்ந்த அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் பண்ணுகிற தொழில் செய்த ஒரு தம்பதியர் அவர்கள். தொழிலையும் குடும்பத்தையும் விடாமல் கற்றுக் கற்பிப்பது பவுலின் காலத்திலேயே இருந்தது.

பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள்தானே? ஆவியானவர் போதிக்கும்போது அங்கீகாரம் எதற்கு?

அப்போஸ்தலர் 4:13ஐ எடுத்து இதைக் கேட்பவர்கள் உண்டு. உண்மையான பக்தியோடுதான் கேட்கிறார்கள். பேதுருவும் யோவானும் மூன்று ஆண்டுகள் இயேசுவோடு நடந்து கற்றவர்கள் என்பதை அந்த வசனமே நினைவூட்டுகிறது. பவுல் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்து கற்றவர் என்பதை அதே புத்தகத்தின் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. அழைப்பைத் தருவது செமினரி அல்ல. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தவர் பட்டமில்லாமலே ஊழியம் செய்யட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. பட்டம் போட்டுக்கொள்ள முடிவு செய்தவருடைய பட்டம் மட்டும் உண்மையானதாக இருக்க வேண்டும். சத்தியத்தைப் பிரசங்கிக்கிறவர் தன் பெயருக்குப் பின்னால் ஒரு பொய்யைச் சுமந்து நிற்கக் கூடாது.

தமிழிலேயே படித்துப் பட்டம் வாங்க முடியுமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

முடியும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழி இறையியல் கல்விக்கு முன்னோடியாக நின்ற இடம். ஆனால் அது வளாகத்தில் தங்கிப் படிப்பது. தொலைதூரமாகத் தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு டாஃப்டீயின் தமிழ்ப் பாடங்கள் உள்ளன. இலங்கையில் இருப்பவர்களுக்கு, பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினரி சுவிசேஷ நிலைப்பாட்டில் மூன்று மொழிகளிலும் கற்பிக்கிறது.

ஆங்கிலத்தை முழுவதுமாக விட்டுவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். விளக்கவுரைகளும் அகராதிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், எம்.டிஎச். அளவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாசிக்கும் அளவுக்காவது அந்த மொழி தேவைப்படும்.

இந்தப் பட்டத்தை வைத்து அரசு வேலைக்குப் போகலாமா?

ஏடிஏ அங்கீகாரம் மட்டும் உள்ள பி.டிஎச். அல்லது எம்.டிவ். பட்டத்தை வைத்துத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. அங்கே பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். எந்த முகவர் வேறுவிதமாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். தொலைநிலையில் பெறும் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் ஒப்புதல் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிமுறைகள் பல்கலைக்கழகங்களுக்கானவை, பல்கலைக்கழகம் அல்லாத செமினரிகள் அவற்றுக்குள் வருவதில்லை.

இதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. பள்ளிப் படிப்போடு இறையியலுக்கு வரும் வாலிபர்களிடம், 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ 1985 முதல் இயங்கும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பி.ஏ. பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும்படி சொல்லிவருகிறேன். நாளைக்குக் குடும்பத்துக்காக வேறு வேலை தேட வேண்டியிருந்தாலும், பட்டதாரிகளை மட்டும் சேர்க்கும் ஒரு செமினரியில் பி.டி. படிக்க விரும்பினாலும், அந்தப் பட்டம் கைகொடுக்கும்.

தொலைதூரத்தில் எம்.டிவ். முடித்தால் சி.எஸ்.ஐ. சபையில் ஆயர் ஆகலாமா?

பட்டத்தை வாங்கிக்கொண்டு போய் ஆயராகச் சேர்வது என்ற ஒழுங்கு அங்கே இல்லை. திருமண்டலம் முதலில் ஒருவரை ஊழிய வேட்பாளராகத் தெரிந்தெடுத்து, தானே செராம்பூரோடு இணைந்த ஒரு கல்லூரிக்கு அனுப்பி, அதன் பிறகே அபிஷேகம் செய்வது வழக்கம். லுத்தரன் சபைகளிலும் ஏறக்குறைய இதுவே முறை. ஆகவே அந்த எண்ணம் உள்ளவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பாகத் தங்கள் சபை ஆயரிடமும் திருமண்டல அலுவலகத்திலும் பேச வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளும் தனித்து இயங்கும் சபைகளும் தங்கள் தங்கள் ஒழுங்கை வைத்திருக்கின்றன. சிலவற்றில் பட்டமே கேட்பதில்லை, சிலவற்றில் தங்கள் சொந்த வேதாகமக் கல்லூரியின் பயிற்சியைத்தான் ஏற்கிறார்கள்.

அமெரிக்க செமினரிகள் இணையவழியில் எம்.டிவ். தருகின்றனவே, அவற்றின் அங்கீகாரத்தை எப்படிச் சரிபார்ப்பது?

அமெரிக்காவில் மத்திய அரசு எந்தக் கல்லூரியையும் நேரடியாக மதிப்பிடுவதில்லை. அங்கே மதிப்பீட்டு நிறுவனங்கள் தனியார் அமைப்புகள். அந்த நிறுவனங்களைத்தான் அமெரிக்கக் கல்வித் துறையும், 1996இல் உருவான உயர்கல்வி அங்கீகார மன்றமும் ஏற்றுக்கொள்கின்றன. செமினரிகளைப் பொறுத்தவரை முதன்மையானது ஏடிஎஸ் எனப்படும் இறையியல் பள்ளிகள் கழகம். 1918இல் தொடங்கியது, பிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிறது. டாலஸ் செமினரி, ஃபுல்லர் செமினரி, கார்டன் கான்வெல், ஆஸ்பரி, லூயிவில் நகரத்தின் சதர்ன் பாப்டிஸ்ட் செமினரி ஆகிய சுவிசேஷ நிறுவனங்கள் இதன் அங்கீகாரம் பெற்றவை. ஏடிஎஸ் தவிர, டிராக்ஸ், வேதாகம உயர்கல்விக் கழகம் போன்ற கிறிஸ்தவ மதிப்பீட்டு நிறுவனங்களும், பொதுப் பல்கலைக்கழகங்களை மதிப்பிடும் நிறுவனங்களும் உள்ளன. தொலைதூரக் கல்விக்காகவே வளர்ந்த ஒன்றுக்கு எடுத்துக்காட்டு, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையினர் நடத்தும் குளோபல் பல்கலைக்கழகம். 1967இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் ஒன்றும் பெரியன் பல்கலைக்கழகமும் 2000இல் இணைந்து அது உருவானது.

சரிபார்க்கும்போது கல்லூரியின் இணையதளத்தைப் பார்ப்பது போதாது. மதிப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலுக்குப் போய் அங்கே கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். பிறகு அந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அமெரிக்கக் கல்வித் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தாலும் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஏடிஎஸ்ஸில் இணை உறுப்பினர், வேட்பாளர், அங்கீகாரம் பெற்றவர் என்று நிலைகள் உள்ளன. இணை உறுப்பினராக மட்டும் இருக்கும் பள்ளிக்கு இன்னும் அங்கீகாரம் வரவில்லை. "நாங்கள் ஏடிஎஸ் உறுப்பினர்" என்ற சொல்லை மட்டும் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது.

இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவரும்போது இன்னொரு தடை உண்டு. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத் தகுதி வழங்கிவந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் கழகம், அந்த நாட்டின் வளாகத்தில் நேரில் படித்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்திருந்தது. ஆகவே அமெரிக்காவில் முழுமையாக ஏற்கப்பட்ட இணையவழிப் பட்டமும் இங்கே பல்கலைக்கழக வேலைக்கு உதவாமல் போகலாம். சபைக்கும் ஊழிய நிறுவனத்துக்கும் அது முழு மதிப்புடையதே.

அதற்கு எவ்வளவு செலவாகும்?

ஏடிஎஸ் விதிப்படி எம்.டிவ். பட்டத்துக்குக் குறைந்தது 72 கிரெடிட், அதாவது பாட அளவுப் புள்ளி, வேண்டும். டாலஸ் செமினரியின் டிஎச்.எம். என்ற முதுநிலை இறையியல் பட்டத்துக்கு 120 கிரெடிட். அங்கே கட்டணம் கிரெடிட் கணக்கில் வாங்கப்படுகிறது. ஒரு கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 72 கிரெடிட்டுக்கு 36,000 டாலர் ஆகிறது. புத்தகச் செலவு தனி. வளரும் நாடுகளின் ஊழியர்களுக்குக் கட்டணக் குறைப்பு தரும் பள்ளிகள் உண்டு, ஆகவே விண்ணப்பிக்கும் முன் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் ஒரு கிராமச் சபையின் காணிக்கையில் வாழும் ஊழியர், கடன் வாங்கி இதைச் செய்வதை நான் எவ்விதத்திலும் ஊக்குவிக்க மாட்டேன்.

இணையவழியில் சேர்ந்தால் அமெரிக்கா போக மாணவர் விசா கிடைக்குமா?

கிடைக்காது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரப் படிப்பின் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்தை மட்டுமே காட்ட முடியும். முழுவதும் இணையத்தில் நடக்கும் படிப்புக்கு அந்த விசாவே பொருந்தாது. விசாவைக் காட்டி இணையவழிப் படிப்பை விற்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

"அமெரிக்க மாநில அரசில் பதிவு பெற்றது" என்று ஒரு கடிதம் காட்டுகிறார்கள். அப்போஸ்டில் முத்திரையும் ஐ.எஸ்.ஓ. சான்றும் இருக்கின்றன. இதெல்லாம் போதாதா?

போதாது, ஒவ்வொன்றும் வேறு ஒரு காரணத்தால். புளோரிடா போன்ற சில மாநிலங்களில், சமயப் பட்டம் மட்டும் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. சமய சுதந்திரத்தை மதிக்கும் நல்ல நோக்கத்தோடு வந்த விலக்கு அது. டெக்சாஸில் மாநில அதிகாரிகள் உரிமமில்லாமல் பட்டம் வழங்கிய ஒரு சிறிய வேதாகமப் பள்ளிக்கு 1,73,000 டாலர் அபராதம் விதித்தபோது, மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் அந்தப் பள்ளியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஒரு சபை தன் ஊழியர்களை எப்படிப் பயிற்றுவிக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட முடியாது என்பது அதன் சாரம், அந்தத் தீர்ப்பு சரியானதென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அரசு தலையிடவில்லை என்பதும் அரசு தரத்தைச் சோதித்தது என்பதும் ஒன்றல்ல. அந்த விலக்குக் கடிதத்தையே "அரசு அங்கீகாரம்" என்று இங்கே மொழிபெயர்த்து விற்கிறார்கள்.

அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உரிய அலுவலருடையவை என்று மட்டும் சான்று சொல்வது. கையெழுத்துக்கு மேலே எழுதியிருப்பது உண்மையா என்று அது பார்ப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. சான்று அலுவலக நடைமுறையைப் பற்றியது. இங்கே டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருப்பதும் அப்படியே. ஒரு கபடிக் கழகமும் அதே சட்டத்தில் பதிவு பெறலாம்.

பணம் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறார்கள். கன்வென்ஷன் நோட்டீசில் "டாக்டர்" என்று போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். கௌரவப் பட்டம் என்பது, கேட்காத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தானாக முன்வந்து அளிப்பது. விலைப்பட்டியல் வைத்து விற்பது வியாபாரம். மேலே சொன்ன யூஜிசி சட்டத்தின்படி இங்கே அதிகாரமில்லாதவர்கள் பட்டம் வழங்குவதும், பல்கலைக்கழகம் என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொள்வதும் குற்றம். அதற்கான அபராதம் அந்தச் சட்டத்தில் ஆயிரம் ரூபாய் வரை மட்டுமே என்பதால் இந்த வியாபாரம் அஞ்சாமல் நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் மதிக்கும் ஒரு மூத்த போதகர், ஒரு நட்சத்திர விடுதியில் நடந்த விழாவில் அங்கியும் தொப்பியும் அணிந்து இப்படி ஒரு பட்டம் வாங்கினார். நாற்பது ஆண்டுகள் சைக்கிளில் போய் ஊழியம் செய்தவர் அவர். அந்தத் தாளுக்காக அவர் கொடுத்த தொகையை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் போகவில்லை. அவருடைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பட்டம் ஒன்றுமே இல்லை என்பதை அவரிடம் யாரும் முன்பே சொல்லவில்லை.

ஒரு கல்லூரிக்கு ஏடிஏ அங்கீகாரம் இருந்தால் அதன் எல்லாப் பட்டமும் அங்கீகாரம் பெற்றதுதானே?

இல்லை, நல்ல மாணவர்கள்கூடத் தவறும் இடம் இது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படுகிறது. பி.டிஎச். படிப்புக்கு மட்டும் ஏற்புப் பெற்ற கல்லூரி, அதே பெயரில் எம்.டிஎச். பட்டமும் முனைவர் பட்டமும் வழங்கலாம். அந்த மேற்பட்டங்களுக்கு ஏற்பு இருக்காது. வளாகத்தில் நடக்கும் படிப்புக்குக் கிடைத்த ஏற்பு, அதே படிப்பு தொலைதூரத்தில் நடக்கும்போதும் செல்லுமா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். "எந்தப் படிப்பு, எந்த முறையில், எந்த ஆண்டு வரை" என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாத கல்லூரி ஒரே வாரத்தில் பதில் அனுப்பிவிடும்.

அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஏற்கெனவே இரண்டு வருடம் படித்துவிட்டேன். எல்லாம் வீணா?

கண் கலங்கக் கேட்கப்படும் கேள்வி இது. நீங்கள் உண்மையாகவே படித்திருந்தால், கிரேக்க வினைச்சொற்களும் ஆகமங்களின் பின்னணியும் உங்கள் தலையைவிட்டு எங்கும் போய்விடவில்லை. போனது சான்றிதழின் மதிப்பு மட்டுமே. சில செமினரிகள், இப்படி வருபவர்களை நுழைவுத் தேர்வு வைத்தோ ஒரு பருவம் சோதித்துப் பார்த்தோ சேர்த்துக்கொள்கின்றன. எத்தனை பாடங்களைக் கழித்துக்கொள்வது என்பதைச் சேர்க்கும் கல்லூரியே முடிவு செய்யும். ஆகவே உங்கள் பாடத்திட்டம், திருத்தப்பட்ட கட்டுரைகள், மதிப்பெண் பட்டியல், படித்த நூல்களின் பட்டியல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். மீதிக் கட்டணத்தைக் கட்டும் முன்பு, அந்த இடத்தில் தொடர வேண்டுமா என்று உங்கள் போதகரோடும் வீட்டாரோடும் அமர்ந்து பேசுங்கள்.

புதிய கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பழைய படிப்பை மறைக்க வேண்டாம். எங்கே படித்தீர்கள், அதற்கு ஏன் அங்கீகாரம் இல்லை, எப்போது அது உங்களுக்குத் தெரியவந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் குழுவிலிருந்து அப்படி எழுதி அனுப்பிய ஒருவரை ஒரு செமினரியின் பதிவாளர் தானாகவே தொலைபேசியில் அழைத்து, அவருடைய கட்டுரைகளில் இரண்டை அனுப்பச் சொல்லி, அவற்றைப் படித்துவிட்டு முதலாண்டு எபிரெயப் பாடத்திலிருந்து விலக்கு அளித்தார். அவர் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் குழுவுக்கும் வந்து புதியவர்களுக்கு எபிரெய எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கிறார்.